பட்டத்துக்கு முந்திய பணி

1939ஆம் ஆண்டு இலங்கை அரசாங்க சபையில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று வறியோர் சட்டம். மற்றது சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம். அப்போது சபாநாயகராக இருந்தவர் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் எங்கள் வேலணையில் பிறந்த சேர் வைத்திலிங்கம் துரைச்சாமி. 1936 முதல் 1947 வரை அவர்தான் சபாநாயகர். என் ஊரான சாட்டியிலிருந்து வேலணைக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். அவர் பெயரைத் தாங்கிய மத்திய கல்லூரியில்தான் நானும் படித்தேன். ஆனால் அந்த வறியோர் சட்டம் கொழும்பு, கண்டி, காலி என்ற மூன்று மாநகரங்களுக்கு மட்டுமே பொருந்தியது. தீவுப்பகுதியின் ஏழைக்கு அதிலிருந்து ஒரு சதமும் வரவில்லை. சட்டத்தை நிறைவேற்றிய சபைக்குத் தலைமை தாங்கியவரின் சொந்த ஊர்க் கைம்பெண், முந்திய மாதிரியே பனங்கிழங்கு விற்றும் உறவினர் வீட்டு நெல்லைக் குற்றியும்தான் பிழைத்தாள்.

நான் சமூக சேவை உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். உயர்தரப் பரீட்சை முடிவு வருகிற காலத்தில் சாட்டி, மண்கும்பான், அல்லைப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். "மிஸ், உங்கட வேலைக்கு வாறதெண்டால் கம்பசில என்ன படிக்க வேணும்?" என்று கேட்பார்கள். கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகள். டொக்டருக்கும் எஞ்சினியருக்கும் போகும் வழியை ஊரே சொல்லிக் கொடுக்கும். இந்த வேலைக்கு வரும் வழியைச் சொல்ல ஆள் இல்லை. நானும் அவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்வதில்லை. எங்கள் நாட்டில் இந்தத் துறைக்கு முதலில் வேலை வந்தது, பிறகு பயிற்சிப் பள்ளி வந்தது, பட்டம் கடைசியாகத்தான் வந்தது. மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள ஒழுங்கு இதற்கு இல்லை. அது ஏன் அப்படி ஆனதென்று தெரிந்தால்தான் எந்தப் படிப்பை எடுப்பது என்பதும் தெரியும்.

சமூக சேவைத் திணைக்களம் 1948 பெப்ரவரி 1ஆம் திகதி தொடங்கியது. சுதந்திரத்துக்குச் சரியாக மூன்று நாட்கள் முந்தி. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் ஒரு ஆணைக்குழு நாட்டின் சமூக சேவைகளை ஆராய்ந்து 1947இல் அறிக்கை கொடுத்தது. அதன் பலன்தான் திணைக்களம். அதற்கு முன்பே, 1944இல், நன்னடத்தைச் சட்டம் வந்துவிட்டது. 1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு தனித் திணைக்களமாயிற்று. நன்னடத்தை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் என்ற பதவிகள் உருவாகி, கச்சேரிகளில் கதிரையும் மேசையும் போட்டாகிவிட்டது. அந்தக் கதிரையில் யாரை இருத்துவது? ஆங்கிலம் தெரிந்தவர், கடிதம் எழுதத் தெரிந்தவர், கணக்குப் பிழையாமல் வைப்பவர் போதும் என்றே அந்தக் காலத்து நிர்வாகம் நினைத்தது. தீவுப்பகுதிச் சனத்துக்கு அந்த அலுவலகம் தெரிந்ததெல்லாம் 'பிச்சைச் சம்பளம்' வாங்குகிற இடமாகத்தான். மாதாந்த உதவிப்பணத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். உரிமையாகக் கொடுக்கப்பட்ட பணத்துக்குச் சனம் அப்படிப் பெயர் வைத்ததற்கு அதைக் கொடுத்தவர்கள் நடந்துகொண்ட விதமும் ஒரு காரணம். விதானையார் ஒரு தரம் விசாரிப்பார், உத்தியோகத்தர் ஒரு தரம் விசாரிப்பார், இருவர் முன்னாலும் வறுமையை நடித்துக் காட்ட வேண்டும். முற்றத்தில் ஆடு நின்றால் அதைப் பக்கத்து வளவில் கட்டிவிட்டு வந்து நிற்பார்கள்.

இதே அரசு இன்னொரு துறையில் அப்படி நடக்கவில்லை. 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். ஆசியாவிலேயே முதலாவது என்பார்கள். குடும்பநல மருத்துவமாது வீடு வீடாகப் போக வேண்டும் என்றால் அவளை முதலில் வீட்டுக்குள் கூட்டிப்போய், மூத்த ஒருத்தியின் கண்முன்னே வேலை செய்ய வைத்துப் பழக்க வேண்டும் என்பது அங்கே வழக்கமாயிற்று. பிள்ளைப்பேறு பார்க்கிறவளுக்கு அந்தப் பழக்கம் வேண்டும் என்று எல்லோருக்கும் விளங்கியது. பிள்ளையை அடிக்கிற தகப்பனோடு பேசப் போகிறவளுக்கும் அது வேண்டும் என்பது விளங்க அரை நூற்றாண்டு எடுத்தது.

வெளியுலகத்திலும் இந்தப் படிப்புக்கு வயது அதிகமில்லை. சிக்காகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889இல் ஹல் ஹவுஸ் என்ற வீட்டை எடுத்து, குடியேறிய ஏழைகள் நடுவே போய் இருந்தார். அப்போது அவருக்கு இந்தத் துறையில் பட்டம் கிடையாது, அப்படி ஒரு பட்டம் உலகத்திலேயே இருக்கவில்லை. 1898இல் நியூயோர்க்கில் ஒரு கோடைகால வகுப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆம்ஸ்ரடாமில் ஒரு முழுப் பள்ளி. மேரி றிச்மண்ட் 1917இல் எழுதிய 'சமூக நோயறிதல்' என்ற பொருள்படும் நூலோடுதான், ஒரு குடும்பத்தின் நிலையை ஒழுங்காக விசாரித்து எழுதுவதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று ஆயிற்று. இந்தியாவுக்கு அது 1936இல் வந்தது. பம்பாயின் நாக்பாடாச் சேரிப்பகுதியில் வேலை செய்த அமெரிக்க மிசனரி கிளிஃபர்ட் மான்ஷார்ட் முன்நின்று, டாட்டா அறக்கட்டளையின் பணத்தில் ஒரு பள்ளி. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். அது பட்டதாரிகளுக்கான பள்ளியாகத்தான் தொடங்கியது. முதலில் ஏதாவது ஒரு பட்டம், அதன்மேல் இரண்டு வருடம் சமூகப்பணி. இந்த ஒழுங்கு பிறகு இந்தியாவின் பெரும்பாலான இடங்களில் நிலைத்தது. இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளின் தலையில் "ஏதாவது ஒரு பீஏ செய், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்" என்ற எண்ணம் இருப்பதற்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது.

1952 எனக்குப் பிடித்த ஆண்டு. அந்த ஆண்டு சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் மெட்ராஸ் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டு கொழும்பில் சமூகப்பணி நிறுவனம் தொடங்கியது. இந்தியாவிலிருந்து வந்த டொரதி மோசஸ் அதன் முதல் பணிப்பாளர். பாக்கு நீரிணையின் இரண்டு பக்கமும் ஒரே வயதுப் பள்ளிகள், இரண்டையும் நடத்தியவர்கள் பெண்கள். ஆனால் இரண்டின் பாதையும் வேறு. சென்னைப் பள்ளி பல்கலைக்கழகப் பட்டத்தை நோக்கிப் போயிற்று. கொழும்புப் பள்ளிக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள். சம்பளம் எடுத்துக்கொண்டே படிக்க வந்தார்கள், சான்றிதழோடு பழைய மேசைக்குத் திரும்பினார்கள். 1960களில் அது அரசின் கைக்கு வந்தது. 1978இல் இரண்டு வருட டிப்ளோமா. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். சமூகப்பணி இளமாணிப் பட்டம் 2005இல்தான். பள்ளி தொடங்கிப் பட்டம் வர ஐம்பத்து மூன்று வருடம். ஒரு தலைமுறை உத்தியோகத்தர்கள் நியமனம் பெற்று, வேலை செய்து, ஓய்வூதியமும் எடுத்துவிட்டார்கள்.

அந்த ஐம்பது வருடத்தில் தீவுப்பகுதியில் இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? பட்டம் இல்லாமல் செய்தவர்களின் கதையைச் சொல்லாமல் படிப்பைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. சாட்டி சிந்தாத்திரை மாதா கோவிலுக்கு வந்த குருமார், கன்னியாஸ்திரிகள், பள்ளிக்கூட வாத்திமார், சாதி பார்க்காமல் வீட்டுக்குள் போன மருத்துவமாதுகள். இவர்கள் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை.

இங்கே பிறந்து, வெளியே போய் இந்த வேலையைச் செய்த ஒருவரின் பெயர் மட்டும் இருக்கிறது. சொலமன் அருளானந்தம் டேவிட். 1924இல் கரம்பொனில் பிறந்தவர். கரம்பொன் எங்கள் தீவிலேயே இருக்கிற ஊர். டேவிட் மெல்பேணில் கட்டடக் கலை படித்தார். பெரிய வேலைகளில் இருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, வைத்தியரான சோமசுந்தரம் இராஜசுந்தரத்தோடு சேர்ந்து வவுனியாவில் 'காந்தியம்' என்ற இயக்கத்தை நடத்தினார். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வன்னிக்கு வந்தபோது, அவர்களுக்கு நிலம், கிணறு, பாலர் பாடசாலை, பால்மா, விதை எல்லாம் காந்தியம் ஒழுங்கு செய்தது. அவர்கள் குடியேறிய டொலர் பாம், கென்ற் பாம் என்ற பண்ணைகளின் பெயர்களை அந்தக் காலத்து ஆட்கள் மறக்கமாட்டார்கள்.

நான் உயர்தரம் படிக்கும்போது எங்கள் ஊர்ப் பெடியள் சிலர் விடுமுறைக்கு வவுனியாவுக்குப் போய் அங்கே கிணறு வெட்டிவிட்டு வந்தார்கள். ஒருத்தன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. டேவிட் ஐயா குடிசை போடுவதற்கு முதல் அந்தக் குடும்பத்தின் பெண்ணிடம் அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும், காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கேட்பாராம். கட்டடக் கலைஞர் அல்லவா என்று அவன் சொன்னான். எனக்கு அது பிறகு வேறு மாதிரி விளங்கியது. உதவி பெறுகிறவளிடம் முதலில் கேள் என்பதை வகுப்பில் ஒரு முழுப் பாடமாகப் படித்தபோது, அந்த அடுப்புத்தான் நினைவுக்கு வந்தது.

1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். டேவிட் தப்பினார். செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறை உடைப்போடு வெளியேறி, தமிழ்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து, கடைசிக் காலத்தில் ஊருக்குத் திரும்பி, 2015இல் கிளிநொச்சியில் இறந்தார். ஒரு கட்டடக் கலைஞரும் ஒரு வைத்தியரும். இந்த நாட்டின் தமிழர் நடுவே நடந்த மிகப் பெரிய சமூகப்பணிகளில் ஒன்று அவர்களுடையது. அதைச் செய்ய அவர்களுக்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை என்று பிள்ளைகள் என்னிடம் வாதிடுவதுண்டு. உண்மைதான். ஆனால் அவர்களைப் போன்றவர்கள் நூறு வருடத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். பிரதேச செயலகத்தில் எல்லா நாளும் ஆள் தேவை.

என் படிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் கைலாசபதி தலைமையில், இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் ஒரு வளாகமாகத் தொடங்கியது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கு முன்பு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் மாவட்டக் கோட்டாவும் வந்து யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் வாசலைக் குறுக்கிவிட்டிருந்தன. விஞ்ஞானப் பிரிவுக்குத்தான் அடி பலம். கலைப்பிரிவில் எனக்கு இடம் கிடைத்தது. பொருளியல், புவியியல், வரலாறு. மூன்று வருடப் பொதுப் பட்டம். நல்ல படிப்பு, நல்ல ஆசிரியர்கள். மழை எப்படிப் பெய்கிறது, விலை எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டேன். 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் நெடுந்தீவுச் சனத்தை வெட்டிக் கொன்ற செய்தி வந்த கிழமை, செத்தவரின் வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது, எதைப் பேசக்கூடாது என்று எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. பாடத்திட்டத்தில் அது இல்லை.

பிறகு போட்டிப் பரீட்சை, நேர்முகம், நியமனம். நியமனக் கடிதத்தோடு ஒரு சுற்றறிக்கைக் கோப்பு. அவ்வளவுதான் பயிற்சி. 1990 ஆவணியில் இராணுவம் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் இறங்கி ஆட்களைக் கொண்டுபோனது. 1991 முடிவதற்குள் தீவுப்பகுதி முழுக்க அதன் கையில். சாட்டிச் சனம் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாண நகரப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் கோவில் மடங்களிலும் கிடந்தது. நானும் அவர்களோடு இடம்பெயர்ந்தவள். பகலில் நிவாரணப் பட்டியல் எழுதுவேன், இரவில் அதே மண்டபத்தின் இன்னொரு மூலையில் படுப்பேன். ஒரு பெண் வந்து பருப்புக்கு வரிசையில் நிற்பாள், அவள் கேட்க வந்தது பருப்பாக இருக்காது. அதைக் கேட்க வைக்க ஒரு பழக்கம் வேண்டும். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அந்தப் பழக்கத்தை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தவர்கள் மனநல வைத்தியத்துறையினர். பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு இருந்தவர்களும் சாந்திகம் என்ற நிறுவனத்தின் மூலம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தார்கள். போர் மனதில் விட்ட காயம் பற்றி அவர் எழுதிய 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' 1998இல் வெளிவந்தது. பல்கலைக்கழகப் பட்டத்தால் வராத பயிற்சி, முகாமில் பாயில் இருந்து நடந்த வகுப்பால் வந்தது.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த பிறகு, வேலையில் இருந்துகொண்டே கொழும்புக்குப் போய் டிப்ளோமா படித்தேன். அங்கேதான் முதன்முதலாக மேற்பார்வை என்றால் என்னவென்று கண்டேன். கொட்டாஞ்சேனைப் பக்கச் சேரிக் குடியிருப்பு ஒன்றில் களப்பயிற்சி. ஒரு வீட்டுக்குப் போய் வந்தால் அன்று இரவே நடந்த பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். இடது பக்கம் பேச்சு. வலது பக்கம் எனக்குள் என்ன ஓடியது என்பது. ஓரத்தில் ஒரு அகலமான இடம், அது மேற்பார்வை ஆசிரியைக்கு. ஒரு தாயோடு பேசிய நாளின் தாளில் அவர் பச்சை மையால் எழுதினார்: "இந்த இடத்தில் தாய் எழும்பித் தேத்தண்ணி போடப் போகிறார். அதற்கு முந்திய வரியில் நீங்கள் யாருடைய பெயரைச் சொன்னீர்கள்?" நான் திரும்பி வாசித்தேன். கணவன் பெயர். அடுத்த வாரமும் அந்தப் பெயர் வந்ததும் அந்தப் பெண் கேத்தலைத் தேடினாள். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது மெல்ல மெல்ல வெளியே வந்தது. இந்தத் தொழிலை இப்படித்தான் பழக வேண்டும். ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்த்து, ஓரத்தில் எழுதிக் கொடுத்து. கடலோடி தன் மகனை வள்ளத்தில் ஏற்றி நீரோட்டம் காட்டுவது போல.

குடும்ப வரைபடமும் அங்கே கற்றதுதான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் ஒரு பெருக்கல் குறி. போர் முடிந்து சனம் மீளக் குடியேறிய பிறகு, சாட்டியில் ஒரு வயோதிபத் தாயின் வீட்டுத் திண்ணையில் இருந்து அதை வரைந்தேன். மூன்று ஆண்பிள்ளைகள். ஒருவர் பாரிசில். ஒருவர் இயக்கத்தில் இருந்து இறந்தவர். கார்த்திகை மாதம் மாவீரர் துயிலுமில்லத்துக்கு விளக்கோடு போகும் தாய்மாரில் இவரும் ஒருவர். மூன்றாவது மகனை 1990இல் கொண்டுபோனார்கள். அந்தச் சதுரத்தை வரைந்துவிட்டுப் பேனையை எடுக்க, அம்மா என் கையைப் பிடித்தார்.

"அவனுக்குக் கீறிப்போடாதை பிள்ளை."

"இல்லையம்மா, கீறேல்லை. என்ன போடட்டும், சொல்லுங்கோ."

"சும்மா விடு. வந்தால் கேட்டுப் போடு."

நான் படித்த புத்தகத்தில் அதற்குக் குறி இல்லை. வெறுஞ்சதுரமாகவே விட்டேன். அலுவலகப் படிவத்தில் இருப்பவை மூன்று பெட்டிகள்தான்: உயிருடன், இறந்தவர், பிரிந்து வாழ்பவர். அதற்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதி இணைத்தேன். உதவிப்பணம் ஒழுங்காயிற்று. இப்படி ஒரு தாயின் முன்னால் பேனையை நிறுத்தக் கற்றுக்கொடுக்கிற படிப்பு எதுவோ, அதுதான் இந்த வேலைக்கான படிப்பு என்பது என் முடிவு. அதற்குப் பல்கலைக்கழகத்தில் என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி.

2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமி வந்தது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேல் சாவு. அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றுக்கும் 'உளசமூகப் பணியாளர்' வேண்டும். உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்குச் சில நாள் செயலமர்வு நடத்தி, பெயர்ப்பட்டி மாட்டி அனுப்பினார்கள். அவர்களில் பலர் மனமார உழைத்தார்கள், சிலர் தாங்களே உடைந்தும் போனார்கள். அவர்களைக் கூட்டி வைத்து "இன்றைக்கு என்ன கேட்டாய், உனக்கு என்ன செய்தது?" என்று கேட்கும் மூத்தவர் இல்லை. சமூகப்பணி இளமாணிப் பட்டம் அடுத்த ஆண்டு, 2005இல், தொடங்கியது. 2008இல் முதுமாணி. அதன் தேவையை அந்த வருடங்களில் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

2006இலும் ஒன்று நடந்தது. அல்லைப்பிட்டி பிலிப் நேரியார் தேவாலயத்தில் சனம் அடைக்கலம் இருந்தபோது ஆவணி மாதம் ஷெல் விழுந்தது. பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காயப்பட்டவர்களை வெளியே எடுத்து, மிஞ்சியவர்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆவணி 20ஆம் திகதி அவரும் அவருடைய உதவியாளரும் அல்லைப்பிட்டிக்குப் போன வழியில் காணாமல் போனார்கள். அவருடைய சதுரமும் வெறுமையாகத்தான் இருக்கிறது. தீவுப்பகுதியில் இந்த வேலையைத் தொழிலாக எடுக்க விரும்பும் பிள்ளை அவர் பெயரைத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி அரசாங்க வேலை. 2012இலும் 2020இலும் வேலையற்ற பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் அரச சேவைக்கு எடுத்தார்கள். பெரும்பாலோர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிரதேச செயலகங்களுக்கும் வந்தார்கள். இந்து நாகரிகம் படித்தவர், வணிகம் படித்தவர், சங்கீதம் படித்தவர். அவர்களில் சிலருக்குச் சிறுவர், பெண்கள், முதியோர் விடயங்கள் கையளிக்கப்பட்டன. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களில் சிலர் அருமையான உத்தியோகத்தர்களாக வளர்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். ஆனால் 2015இல் புங்குடுதீவில் ஒரு பள்ளி மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, அவளோடு படித்த பிள்ளைகளிடம் போய்ப் பேசுவதற்குப் பழகிய ஆளைத் தேடியபோது, தீவுப்பகுதி முழுவதுக்கும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் இருந்தார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுப் பிள்ளைகள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள். இங்கிலாந்தில் 2005 முதல் பதிவு இல்லாதவர் தன்னைச் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் இளமாணிப் பட்டத்துக்குக் குறைந்தது 400 மணித்தியாலம் களப்பயிற்சி, முதுமாணிக்கு 900. ரொறன்ரோவில் வளரும் வேலணைப் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வருவதென்றால் மாகாணத்தின் தொழிற்பதிவு அமைப்பில் பதிய வேண்டும். என் சேவைக்காலம் முழுவதும் இலங்கையில் அப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை. அதனால்தான் இங்கே எந்தப் பட்டத்தோடும் இந்த மேசைக்கு வந்துவிட முடிந்தது.

ஆகவே சாட்டியிலிருந்து கேட்கிற பிள்ளைக்கு நான் சொல்வது இதுதான். சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் நான்கு வருடப் பட்டம் நேரான வழி. வழமையான பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தோடு அது முடியாது, நிறுவகத்தின் சொந்த விளம்பரத்தைப் பார்த்துத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். இந்த விளம்பரத்தைத் தவறவிட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தூரம், தங்குமிடச் செலவு, ஆங்கிலம் மூன்றும் தடையாக நிற்கும். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் விடப் பயப்படும் தாய்தகப்பனோடு நானே போய்ப் பேசியிருக்கிறேன், இன்னும் பேசுவேன்.

அது முடியாதென்றால் யாழ்ப்பாணம். வெட்டுப்புள்ளி இடம் கொடுத்தால் சமூகவியல் அல்லது உளவியலை எடுத்து, சிறப்புப் பட்டத்துக்குப் போகப் பார். கிராமத்தில் போய்ச் செய்கிற ஆய்வைத் தெரிவுசெய். வார இறுதியில் முதியோர் இல்லமோ, விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பள்ளியோ, ஏதாவது ஒரு இடத்தில் ஒழுங்காகப் போய் நில். பட்டம் முடித்த பிறகு சமூகப்பணியில் டிப்ளோமாவோ முதுமாணியோ கட்டாயம் செய். பம்பாய்ப் பள்ளி 1936இல் போட்ட அதே ஒழுங்கு, அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. பட்டம் கிடைத்ததும் அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் வந்தால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்பதுதான் என் பயம். எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாலும் அங்கே கேட்க வேண்டிய ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்புவேன்: "களப்பயிற்சியில் நான் எழுதும் பதிவை யார் வாசிப்பார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை?"

போன வருடம் மண்கும்பான் பிள்ளை ஒருத்தி இந்தக் கேள்வியைக் கேட்டாள். யாழ்ப்பாணத்தில் செய்யலாம், ஆனால் தீவுப்பகுதியில் களப்பயிற்சிக்கு மேற்பார்வையாளர் கிடைப்பதில்லை என்று பதில் வந்ததாம். அதனால் மாணவர்களை நகரத்துக்குள்ளேயே போடுகிறார்களாம். தீவுப்பகுதியில் ஓய்வுபெற்ற சமூக சேவை, நன்னடத்தை, உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறோம். நான்கு பேரோடு பேசிவிட்டேன், நால்வரும் சம்மதம். வேலணையில் கிழமைக்கு ஒரு பின்னேரம் இருந்து பிள்ளைகளின் பதிவுகளை வாசித்து ஓரத்தில் எழுதிக் கொடுக்கத் தயார், சம்பளம் வேண்டாம், பஸ் காசு போதும் என்று பல்கலைக்கழகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம். அடுத்த தொகுதி மாணவர் களத்துக்கு இறங்குமுன் பதில் வர வேண்டும்.